மோட்டார் வண்டியின் மூச்சு

உணவின்றிப் பல நாள் உயிர் தாங்கியவர் உண்டு. நீரின்றி இரண்டொரு நாள் இருந்தவரும் உண்டு. மூச்சின்றி ஐந்து நிமிடம் இருந்தவரைக் காண்டல் அரிது. மனிதனுக்குப் பொருந்தும் இவ்விதி, அவன் ஏறிச் செல்லும் மோட்டார் வண்டிக்கும் பொருந்துவதே. பெற்றோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும் என்பதை நாம் யாவரும் அறிவோம். அதனைக் காட்டும் முள்ளை நாள்தோறும் கவலையோடு பார்க்கின்றோம். ஆயின், அவ்வண்டி பெற்றோலைக் காட்டிலும் பன்மடங்கு காற்றையே உண்கின்றது என்பதையும், அக்காற்றைத் தூய்மை செய்தற்கென்றே ஒரு மடிப்புக் கடதாசி அதனுள்ளே இருந்து ஓயாது உழைக்கின்றது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

இவ்விடயத்தை இவ்வாரம் எடுத்துக்கொண்டமைக்கு ஒரு கடிதமே காரணம். வலிகாமப் பகுதியில் வாழும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கின்றார். அவருடைய கணவர் வெளிநாட்டிலே தொழில் புரிகின்றார். அவர் விட்டுச் சென்ற பழைய ஜப்பானிய வண்டியிலே ஏழு வயது மகனைப் பாடசாலைக்கும், மாமியாரை மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்கும் இச்சகோதரியே அழைத்துச் செல்கின்றார். மகனுக்குத் தொய்வு உண்டு. குளிரூட்டியைத் திறந்த மாத்திரத்தே பூஞ்சண மணம் வீசுகின்றது. பிள்ளை இருமத் தொடங்குகின்றான். திருத்துமிடம் ஒன்றுக்குச் சென்றபோது, “ஏ.சி. முழுவதையும் கழற்ற வேண்டும், எஞ்சினுக்கும் வேலை இருக்கிறது” என்று கூறி ஒரு பெருந்தொகை கேட்டனராம். “வீட்டில் ஆண்துணை இல்லை என்று தெரிந்து இப்படிச் சொல்கிறார்களா, அல்லது உண்மையாகவே அவ்வளவு வேலை உண்டா என்று எனக்கு விளங்கவில்லை. நானே பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா, ஐயா?” என்பது அவருடைய வினா.

உண்டு, சகோதரி. திருத்துநர் பொய் சொன்னார் என்று நான் கூறமாட்டேன். வண்டியைக் காணாது அவ்வாறு கூறுதல் நீதியன்று. எனினும், வைத்தியர் முதலில் நாடியைப் பார்த்த பின்னரே சத்திர சிகிச்சையைப் பற்றிப் பேசுகின்றார். வண்டிக்கும் அம்முறையே தகும். செலவு குறைந்ததும், எவரும் செய்யத்தக்கதுமான சோதனையை முதலிற் செய்தல் வேண்டும். அச்சோதனை இரண்டு வடிகட்டிகளைத் திறந்து பார்த்தலாகும். ஒன்று எஞ்சினின் மூச்சுக்கு உரியது. மற்றையது வண்டியினுள் இருப்போரின் மூச்சுக்கு உரியது. கடைத்தெருவில் இவற்றை ‘எயார் பில்டர்’ என்றும், ‘ஏ.சி. பில்டர்’ என்றும் வழங்குவர்.

மூச்சின் கணக்கு

ஒரு சிறு கணக்கினைப் பார்ப்போம். பெற்றோல் செவ்வையாக எரிவதற்கு, அதன் நிறையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை ஏறத்தாழ 740 கிராம். எனவே அது எரிவதற்கு 11 கிலோகிராம் அளவான காற்று வேண்டும். ஒரு கனமீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். ஆகவே ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய 9 கனமீற்றர், அஃதாவது 9,000 லீற்றர் காற்று செலவாகின்றது. பத்தடி நீளமும், பத்தடி அகலமும், பத்தடி உயரமும் கொண்ட அறையொன்றிலுள்ள காற்று முழுவதையும் மூன்று லீற்றர் பெற்றோல் விழுங்கிவிடும் என்றால் வியப்பாக இல்லையா? யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். லீற்றருக்குப் 15 கிலோமீற்றர் ஓடும் வண்டி அத்தூரத்தைக் கடக்கும்போது, அத்தகைய ஒன்பது அறைகளின் காற்றினை உட்கொள்ளுகின்றது.

அக்காற்று எத்தகையது? சோளகம் வீசும் மாதங்களிலே செம்பாட்டு நிலத்தின் புழுதி வீட்டுச் சுவரையும் கொடியில் உலரும் வேட்டியையும் சிவப்பாக்குவதை நாம் காண்கின்றோம். வன்னியின் கிரவல் வீதிகளிலே முன்னே ஒரு லொறி சென்றால், பின்னே வருபவனுக்கு வழி தெரிவதில்லை. இப்புழுதியில் மண்ணும் மணற்பொடியும் கலந்துள்ளன. மணலிலுள்ள படிகக்கல் சாதாரண இரும்பையும் கீறவல்ல கடினம் உடையது. அஃது எஞ்சினுள்ளே புகுமாயின், உருளையின் சுவருக்கும் அதனுள்ளே மேலும் கீழும் ஓடும் ஆடுதண்டின் வளையங்களுக்கும் இடையே எண்ணெயோடு கலந்து, அம்மியில் அரைக்கும் குழவிபோலத் தேய்த்துக்கொண்டேயிருக்கும். தேய்வு ஒரு நாளில் தெரியாது. எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கிப் புகை கக்கும்போதுதான் தெரியும். அப்பொழுது செலவும் வானளவு உயர்ந்திருக்கும்.

இதனைத் தடுப்பதே முதலாவது வடிகட்டியின் கடமை. கடதாசியை நெருக்கமாக மடித்து, விளிம்பில் மென்மையான இறப்பர் பொருத்திச் செய்யப்பட்டது அது. மடிப்புகளை விரித்துப் பார்த்தால் அதன் பரப்பு பன்மடங்காக இருக்கும். சிறிய இடத்திலே பெரிய பரப்பினை அடக்குதற்கான உபாயமே இம்மடிப்பு; நமது நுரையீரலிலும் இயற்கை கையாண்டிருப்பது இதே உபாயந்தான்.

முன்னோர் கைவண்ணம்

நமது மக்களுக்கு இஃது ஒன்றும் புதிய வித்தையன்று. பழைய வண்டிகள் சிலவற்றிலே கடதாசி வடிகட்டிக்குப் பதிலாக எண்ணெய்த் தொட்டி இருந்தது. உள்ளே வரும் காற்று எண்ணெயின்மேற் புரண்டு தூசியை அங்கேயே விட்டுச் செல்லும். ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளை வைத்திருந்த நமது மூத்தோர் பலர் அவற்றின் உறுப்புகளைத் தம் கையாலேயே கழற்றிக் கழுவிப் பூட்டுவர். 1990 ஆம் ஆண்டின் பின்னர்ப் பொருளாதாரத் தடையினால் குடாநாட்டிலே பெற்றோல் அரிதாகிய காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய திறமையை உலகம் கேட்டால் நம்பாது. நோயாளரும் கர்ப்பிணிகளும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது அக்கைகளினாலேயே. அவ்வாறு வாழ்ந்த சமூகத்தின் பிள்ளைகள் இன்று பொனற்றைத் திறக்கும் பிடி எங்கே உள்ளது என்று அறியாதிருத்தல் தகுமா?

இக்கேள்விக்கு வேறொரு பக்கமும் உண்டு. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளிலும் இருந்த வண்டியைப் பேணுவதே நம்மவர்க்கு வழியாயிற்று. பத்தும் பதினைந்தும் ஆண்டு கண்ட வண்டிகள் இன்றும் நம் வீதிகளில் நிறைந்துள்ளன. புதியது வாங்கும் வசதியில்லாத குடும்பத்துக்கு, உள்ளதை நீண்ட நாள் ஓடச் செய்தலே பெருஞ்சேமிப்பு.

எப்போது மாற்றுவது?

உற்பத்தியாளரின் கைந்நூலே இதற்குத் தக்க அதிகாரி. நம்மிடமுள்ள வண்டிகள் பலவற்றுக்குக் கைந்நூல் ஜப்பானிய மொழியிலேயே உள்ளது என்பது உண்மை. ஆயினும் அவ்வண்டி விற்கப்படும் பிற நாடுகளுக்கான ஆங்கிலக் கைந்நூலைத் தேடிப் பெறலாம். பொதுவாக, நல்ல தார் வீதியில் ஓடும் வண்டிக்கு எஞ்சின் வடிகட்டி 30,000 அல்லது 40,000 கிலோமீற்றர் வரை உழைக்கும். புழுதி வீதியில் ஓடுவதாயின் அதிற் பாதியும் தாங்காது போகலாம். உள்ளறை வடிகட்டியை ஆண்டுக்கொரு முறை மாற்றுதல் நன்று. சோளகம் ஓய்ந்து மாரி தொடங்குமுன் மாற்றுதல் நம் நாட்டுப் பருவத்துக்குப் பொருந்தும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் நீக்கிவிடுவோம். ‘பில்டரை மாற்றினால் பெற்றோல் மிகவும் மிச்சமாகும்’ என்று விற்பனையாளர் கூறுவர். அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் இதனைச் சோதித்து 2009 இல் முடிவினை வெளியிட்டது. எரிபொருளைக் கணிணி அளந்து பீய்ச்சும் இக்கால வண்டிகளில், வடிகட்டி அடைபட்டாலும் பெற்றோற் செலவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. காற்றுக் குறைந்தால் பெற்றோலையும் கணிணி குறைத்துவிடுகின்றது. ஆனால் வண்டி வேகமெடுக்கும் ஆற்றல் குன்றியது. காபரேற்றர் பூட்டிய பழைய வண்டிகளிலேதான் எரிபொருட் செலவும் ஓரளவு கூடும். ஆகவே வடிகட்டியை மாற்றுவது பெற்றோலை மிச்சப்படுத்துதற்கன்று. எஞ்சினின் ஆயுளைக் காத்தற்கே என்பதை மனத்திற் கொள்க.

அடிக்கடி மாற்றுதலும் அறிவுடைமையாகாது. கடதாசியிற் படியும் முதற்படைத் தூசி தானும் ஒரு வடிகட்டியாகி, மேலும் நுண்ணிய தூசியைத் தடுக்கின்றது. நரைத்துவிட்டது என்பதற்காக மட்டும் எறிய வேண்டுவதில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்புகளினூடே ஒளி ஓரளவு தெரிந்தால் இன்னும் சில காலம் உழைக்கும். ஒளியே தெரியாவிடில் அதன் பணி முடிந்தது. எங்கேனும் கிழிவு வழியே கூரிய ஒளி பாய்ந்தால், தூசி குறைவாயினும் அன்றே மாற்றுக.

எஞ்சின் வடிகட்டியை மாற்றும் முறை

வேண்டிய பொருள்கள் மிகச் சில: புதிய வடிகட்டி, ஒரு திருப்புளி, ஈரமான துணியொன்று, உலர்ந்த துணியொன்று, முகக்கவசம், சென்ற வாரத்துப் பத்திரிகை. கடைக்குச் செல்லும்போது வண்டியின் செசி இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயருடைய வண்டிகளிலும் ஆண்டுக்கு ஆண்டு வடிகட்டியின் அளவு வேறுபடுவதுண்டு.

வண்டியைச் சமநிலத்தில், நிழலில் நிறுத்துக. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து, சூடு தணியும் வரை அரைமணி நேரம் பொறுத்திருங்கள். பொனற்றைத் திறந்து தாங்கும் கம்பியைச் சரியாக ஊன்றுக. தடித்த கரிய குழாயொன்று எஞ்சினை நோக்கிச் செல்லும். அதன் மறுமுனையிலே கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டியொன்று இருக்கும். அதுவே வடிகட்டியின் வீடு. பெட்டியின் ஓரங்களில் உலோகக் கிளிப்புகளோ, சில வண்டிகளிலே திருகாணிகளோ இருக்கும். பெட்டியைச் சூழ்ந்துள்ள இலைகளையும் மண்ணையும் ஈரத்துணியால் முதலிலேயே துடைத்துவிடுக. திறந்தபின் துடைத்தால் அவை உள்ளே விழும்.

கிளிப்புகளை விடுவித்து மூடியை மெல்ல உயர்த்துங்கள். அருகே மின்கம்பி செருகிய சிறிய உணரி ஒன்று இருக்கக்கூடும். அதனை இழுத்தல் ஆகாது. பழைய வடிகட்டியைத் தூக்குமுன், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைக் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்க. பெட்டியின் அடியிலே மணலும் பூச்சியும் வேப்பிலைச் சருகும் கிடந்தால் அஞ்ச வேண்டா. அவை அங்கே தங்கியதனாலேயே உள்ளே போகவில்லை. ஈரத்துணியாலே அவற்றை ஒற்றி எடுத்துப் பின் உலரத் துடையுங்கள். எஞ்சினுக்குச் செல்லும் வாயை அவ்வேளையில் உலர்ந்த துணியால் மூடி வைத்தல் நல்லது. வேலை முடிந்ததும் அத்துணியை எடுத்துவிட்டோமா என்று இருமுறை பார்த்தல் அதனினும் நல்லது.

புதிய வடிகட்டியைப் பழையது இருந்தவாறே வைத்து, இறப்பர் விளிம்பு நான்கு பக்கமும் பள்ளத்தில் அமர்ந்துள்ளதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இதுவே முழு வேலையின் உயிர்நிலை. ஒரு மூலை உயர்ந்து நின்றாலும் காற்று அவ்விடைவெளியாலேயே செல்லும். அப்போது வடிகட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம். மூடியை இட்டுக் கிளிப்புகளைப் பூட்டுக. வலிந்து அழுத்த வேண்டியிருந்தால் எங்கோ பிசகு உளது என்று அறிந்து மீண்டும் திறந்து பாருங்கள்.

ஹைபிரிட் வண்டி வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை: செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்களை எக்காரணங்கொண்டும் தொடலாகாது, அவற்றில் உயர் மின்னழுத்தம் உண்டு. அவ்வண்டிகள் பலவற்றிலே பின் இருக்கையருகே பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுவாய் ஒன்று உளது. பாடசாலைப் பையாலோ தலையணையாலோ அதனை அடைத்து வைத்தலும் ஆகாது.

உள்ளறை வடிகட்டி

இனிச் சகோதரியின் மகனுக்கு நேரே தொடர்புடைய வடிகட்டிக்கு வருவோம். ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இது முன்னிருக்கையின் எதிரேயுள்ள ‘குளோவ் பொக்ஸ்’ எனும் சிறு பெட்டியின் பின்னே இருக்கின்றது. காற்றாடியை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுக. பெட்டியிலுள்ள பொருள்களை வெளியே எடுத்து, கீழே பத்திரிகையை விரியுங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் அதனை மெல்ல இறங்கச் செய்யும் சிறு தண்டொன்று கொளுவப்பட்டிருக்கும்; அதனை விடுவித்து, பெட்டியின் இருபக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் பெட்டி வாய் பிளந்ததுபோலக் கீழே தாழும். பின்னே நீண்டு ஒடுங்கிய மூடி தெரியும். அதன் கிளிப்பை அழுத்தித் திறந்து, வடிகட்டியை மேசை லாச்சியை இழுப்பதுபோல நேராக வெளியே இழுக்கவும்.

சில வண்டிகளிலே அவ்விடம் வெறுமையாக இருக்கக் காணலாம். அவ்வாறாயின் இத்தனை காலமும் வீதிப் புழுதி யாவும் தடையின்றி உள்ளே வந்துள்ளது என்பது பொருள். சிலவற்றிலே இலைச்சருகும் இறகும் மூடிய ஒரு கரும்பலகை வெளிவரும். அதனைப் பார்த்த பின்னர், பிள்ளை ஏன் இருமுகின்றான் என்று எவரும் விளக்க வேண்டுவதில்லை. எலியின் எச்சமோ கூடோ காணப்பட்டால் ஊதவும் பெருக்கவும் வேண்டா. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினியால் நனைத்த பின் துடைத்தெடுக்கவும். எலிக்காய்ச்சலின் கொடுமையை நம் நாட்டார்க்கு எடுத்துரைத்தல் மிகை.

புதியதன் விளிம்பிலே அம்புக்குறி ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அருகே ‘அப்’ என்று இருந்தால் அம்பு மேல்நோக்க வேண்டும். ‘எயார் ஃபுளோ’ என்று இருந்தால் காற்றுச் செல்லும் திசையை நோக்க வேண்டும். பழையது இருந்த விதமே உங்களுக்கு வழிகாட்டி. விளிம்பில் அன்றைய திகதியையும் ஓடிய கிலோமீற்றரையும் பேனையால் எழுதிவிட்டுச் செருகுங்கள். அடுத்த முறை ‘மாற்றிவிட்டோம்’ என்று எவரேனும் கூறினால், உண்மையை அவ்வெழுத்தே சொல்லும்.

இவ்வளவும் செய்ய முதன்முறை ஒரு மணி நேரம் செல்லலாம். மறுமுறை கால் மணி போதும். பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு இரு வடிகட்டிகளின் விலையும் சேர்ந்து ஒருமுறை தாங்கியை நிரப்பும் பெற்றோலின் விலையை எட்டாது.

செய்யத்தகாதன

கடதாசி வடிகட்டியை நீரிற் கழுவலாகாது. அமுக்கிய காற்றினால் ஓங்கி ஊதுதல் சில இடங்களில் வழக்கமாயுள்ளது. அது கண்ணுக்குத் தெரியாத கிழிவுகளை உண்டாக்கும். மெல்லத் தட்டுதலோடு நிறுத்துக. வடிகட்டியே இல்லாமல் ஒரு நாள்தானும் வண்டியை ஓட்டற்க. எஞ்சின் வடிகட்டி எண்ணெயில் நனைந்திருந்தால், அஃது எஞ்சினின் உள்நோயைக் காட்டும் குறி. அதற்குத் திருத்துநரிடமே செல்லுதல் வேண்டும்.

சகோதரிக்கு இன்னும் சில வார்த்தைகள். புதிய வடிகட்டி இட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வீடு வந்து சேர்வதற்குச் சில நிமிடம் முன்னரே குளிரூட்டியை நிறுத்திக் காற்றாடியை மாத்திரம் ஓடவிடுங்கள். உள்ளேயுள்ள குளிர்ச்சுருள் உலரும், பூஞ்சணம் வளர இடமிராது. அதன் பின்னும் மணம் நீங்காவிடில் அச்சுருளிலேயே அழுக்கு உறைந்துள்ளது என்று அறியலாம். அப்போது திருத்துநர் கூறியதில் உண்மை உண்டு. அவ்வேலைக்கு அவரை நாடலாம். காலடியிலே நீர் தேங்கினாலும் அவ்வாறே. ஆனால் இம்முறை வெறுங்கையோடு செல்லமாட்டீர்கள். எதனைப் பார்த்தீர்கள், எதனை மாற்றினீர்கள் என்று சொல்லக்கூடியவராகச் செல்வீர்கள். பேசுகின்ற தொகை அதற்கேற்ப மாறுவதைக் காண்பீர்கள்.

மற்றுமொன்று. வடிகட்டி தூசியைத் தடுக்கும்; கரி கலந்தது மணத்தையும் குறைக்கும். ஆயினும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டை அது தடுக்காது. புகை மணம் உள்ளே வருமாயின் கண்ணாடிகளைத் திறந்து, புகைக்குழாயைச் சோதிப்பித்தல் வேண்டும். பிள்ளையின் தொய்வுக்கு வைத்தியர் கொடுத்த மருந்தையும் வடிகட்டியை நம்பி நிறுத்திவிடாதீர்கள். வடிகட்டி மருந்தன்று, நோயைத் தூண்டுவனவற்றுள் ஒன்றை அகற்றும் துணை மாத்திரமே.

நமது பிள்ளைகள் அமுக்கத்தையும் பாய்ச்சலையும் பற்றிய கணக்குகளைப் பரீட்சைத் தாளிலே பிழையின்றிச் செய்கின்றனர். அதே அமுக்கம் தந்தையின் வண்டியில் எங்கே வேலை செய்கின்றது என்று உயர்தர வகுப்பிலே வினவினால் மௌனமே விடையாகின்றது. குற்றம் அவர்களுடையதன்று. கையழுக்குப்படும் தொழிலைக் கல்வியிற் சேர்க்காது ஒதுக்கிய குற்றம் பெரியோராகிய நம்முடையது. படித்தவன் கையில் எண்ணெய் படலாகாது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் குடியிருக்கின்றது. அதன் விலையைத்தான், தெரியாத வேலைக்குத் தெரியாத தொகையாக நாம் கொடுத்துவருகின்றோம்.

ஆகையால், சகோதரி, வடிகட்டியை மாற்றும்போது மகனையும் அருகே நிறுத்துங்கள். தூசி பறக்கும் வேளையில் மாத்திரம் அவன் எட்ட நிற்கட்டும். புதியதைச் செருகும் வேளையிலே, அம்புக்குறி எங்கே என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தன் மூச்சுக்காகத் தாய் செய்த வேலையை அவன் மறக்கமாட்டான். வீட்டில் ஒரு பொருள் பழுதுற்றால் முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்ற பாடத்தையும் எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டிய நிலை அவனுக்கு வராது.

அடுத்த வாரம், மாரிக்கு முன்னர் வண்டியின் பற்றரியையும் மழைத்துடைப்பானையும் பேணும் முறை பற்றி எழுதுவேன்.